உட்கார்ந்தே பயிற்சி கொடுத்தவன்

காஸ்பார் லெமோஸ் பத்தொன்பது வருஷம் கால்பந்து ஆடினான். ஒன்பது கிளப் மாறினான். அதில் முதல் பிரிவில் ஆடியது பதினொரு ஆட்டம்தான். பதினொன்றிலும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இடது பக்கத் தடுப்பாட்டக்காரனிடம் கோலை யாரும் எதிர்பார்ப்பதில்லை என்றாலும், அவனுடைய கால்கள் சுமார் ரகம் என்பதை அவனே ஒப்புக்கொள்வான். வாய்தான் அபாரம். கோல்கீப்பர் எங்கே நிற்க வேண்டும், நடுக்களக்காரன் எப்போது இறங்க வேண்டும், எதிரணியில் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று தொண்ணூறு நிமிஷமும் கத்திக்கொண்டே இருப்பான். அவன் பிறந்த ஊரான பார்ரா நோவா மீன்பிடித் துறையில் பனிமூட்ட நாட்களில் கலங்கரை விளக்கிலிருந்து ஊதும் சங்குக்கு 'ரோன்கா' என்று பேர். பதினாறு வயதிலேயே ஊர் அந்தப் பேரை அவனுக்கு வைத்துவிட்டது.

கத்துவதற்காகவே அவனை எடுத்தார்கள். தெற்கே கடற்கரை ஊர் ஒன்றில் மூன்று வருஷம், தீவில் இரண்டு வருஷம், ஸ்பெயின் எல்லையோரக் குளிரில் நான்கு வருஷம். போன இடமெல்லாம் அணி கீழ்ப் பிரிவுக்கு விழாமல் பார்த்துக்கொண்டான். மேலே ஏற்றிவிட்டதும் இல்லை. முப்பத்தாறு வயதில் வலது முழங்கால் 'போதும்' என்றது. ஊர் திரும்பினான்.

ஊர் கிளப்பின் பேர் உனியாவ். அதன் தலைவர் பெல்மிரோ ரொட்டிக்கடை முதலாளி. மாவட்டப் பிரிவில் சேற்றில் புரண்டுகொண்டிருந்த அணியை காஸ்பார் கையில் கொடுத்தார். நாலே வருஷத்தில் காஸ்பார் அதைத் தேசிய மூன்றாம் பிரிவுக்குக் கொண்டுபோனான். ஊரே தெருவில் இறங்கி மத்தி மீன் சுட்டுத் தின்றது. மறுநாள் காலை பெல்மிரோ அவனைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"டேய், ஒரு சிக்கல். தேசியப் பிரிவுன்னா பயிற்சியாளருக்கு மூணாம் நிலை சான்றிதழ் வேணுமாம். உன்கிட்ட ரெண்டாம் நிலைதானே இருக்கு?"

"மூணாவதுக்கு மனு போட்டு வச்சிருக்கேன் தலைவரே. இந்த வருஷப் பட்டியல்ல இடமில்லன்னுட்டாங்க."

"அதான் ஊர்ல அந்தச் சான்றிதழ் வச்சிருக்கிறவன் எவன்னு தேடினேன். ஒரே ஆளு. நம்ம அபீலியோ வாத்தியார்."

காஸ்பார் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தான். "அவரு பந்தத் தொட்டு இருபது வருஷமாச்சே!"

"பந்த எதுக்குடா தொடணும்? எந்திரிச்சு நின்னாப் போதும்."

இந்த நாட்டில் இது புதிய தந்திரம் ஒன்றும் இல்லை. சான்றிதழ் இல்லாத பயிற்சியாளன் 'உதவியாளர்' என்ற பேரில் பெஞ்சில் உட்காருவான். சான்றிதழ் உள்ள ஒருவர் பேருக்குப் பயிற்சியாளராகக் கோட்டோரம் நிற்பார். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். ஒரே ஒரு விதி: உட்கார்ந்தவன் எழுந்து கட்டளை போடக் கூடாது. போட்டால், ஆட்டத்தைக் கண்காணிக்க வந்திருக்கும் அதிகாரி எழுதிக்கொள்வார்.

அபீலியோவுக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தொரு வருஷம் உடற்பயிற்சி வாத்தியார். அரசு அவரை வருஷத்துக்கொரு ஊர் என்று வடக்கேயும் தெற்கேயும் பந்தாடியிருந்தது. மலையூர் ஒன்றில் ஒரு குளிர்காலம் முழுக்க சாயங்காலம் செய்ய வேலையில்லாமல் படித்து வாங்கியதுதான் அந்தச் சான்றிதழ். கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடுவார். ஆயுளில் யாரையும் 'நாயே' என்றுகூடத் திட்டியதில்லை.

முதல் ஆட்டத்திலேயே பிரச்சினை தெரிந்தது. காஸ்பார் வாயைக் கையால் மறைத்து அவர் காதில் நாற்பது வார்த்தை சொன்னான். அவர் எழுந்து கோட்டுக்குப் போனார், தொப்பியைச் சரிசெய்தார், திரும்பி வந்தார்.

"நடுவுல ஒருத்தன் என்னமோ பண்ணணும்னியே, அவன் யாரு?"

"வாத்தியாரே, அதுக்குள்ள கோல் போட்டுட்டான்."

அதற்குப் பிறகு காஸ்பார் சுருக்கக் கற்றுக்கொண்டான். மூன்று வார்த்தைக்கு மேல் வாத்தியார் தலையில் நிற்காது. 'வலது, மெதுவா, அகலமா.' 'ஒன்பதாம் நம்பர், ரெண்டு பேர்.' அவர் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கோட்டோரம் நின்று, வகுப்பறைக் குரலில், "கொஞ்சம் அகலமா ஆடுங்கப்பா, தயவுசெஞ்சு" என்பார். ஆட்டக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். டிசம்பருக்குள் பழகிவிட்டார்கள். "சரி மிஸ்டர்" என்று, பயிற்சியாளரைக் கூப்பிடும் பேரால் அவருக்கே பதில் சொன்னார்கள். ரொட்டிக்கடையிலும் யாரோ ஒருவர் "மிஸ்டருக்கு ஒரு காபி" என்றார். அன்றிலிருந்து வாத்தியார் நிமிர்ந்து நடந்தார்.

வெளியூர் மைதானங்களில்தான் காஸ்பாருக்கு நரகம்.

"ஏய் ரோன்கா! எந்திரி பாப்போம்!"

"தாத்தாகிட்ட கேட்டுட்டு மூக்க சொறிடா!"

அக்டோபரில் ஒருமுறை எழுந்துவிட்டான். பிப்ரவரியில் மறுபடி. இரண்டுக்கும் அபராதம் வந்தது. பெல்மிரோ முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். மூன்றாவது தடவை எழுந்தால் அபராதம் இல்லை, ஆகஸ்ட் கடைசிவரை தடை. தடையில் இருப்பவன் பேர் ஜூன் மாதச் சான்றிதழ்ப் பயிற்சிப் பட்டியலில் நிற்காது. ஏற்கெனவே இரண்டு வருஷம் அந்தப் பட்டியலுக்காகக் காத்திருந்தாயிற்று. இந்த முறை பேர் வந்துவிடும் என்று கடிதமே வந்திருந்தது. காஸ்பார் அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தான்.

மே மாதக் கடைசி ஞாயிறு. கடைசி ஆட்டம், சொந்த மைதானம், எதிரணி மொந்தால்வோ. சமன் செய்தால் உனியாவ் மூன்றாம் பிரிவில் தப்பிக்கும். தோற்றால் மறுபடி மாவட்டச் சேறு. மொந்தால்வோவுக்கு ஜெயித்தால்தான் மேல் பிரிவு. அதனால் அவர்கள் நாலு பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுவந்திருந்தார்கள்.

ஆட்டத்துக்கு முன் கைகுலுக்கும்போது நடுவர் வாத்தியாரின் கையை விடவே இல்லை.

"சார், என்னத் தெரியுதா? வால்டெமார். பேஜா பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு."

வாத்தியார் முகத்தை உற்றுப் பார்த்தார். "வால்டெமார் க்ரிலோ! ரெண்டாவது வரிச. ஒல்லியா இருப்பியே!"

"இப்ப இல்ல சார்" என்று நடுவர் வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

ஐம்பத்தெட்டாவது நிமிஷம் மொந்தால்வோ கோல் போட்டது. அறுபத்தாறில் உனியாவ் கேப்டன் துவார்த்தே, கார்னரிலிருந்து வந்த பந்தை நெற்றியால் முட்டி உள்ளே தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று. உப்பில் ஊறவைத்த பருப்பைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து ஆடியது. உடனே மொந்தால்வோ பயிற்சியாளர், கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரமுள்ள ஒருவனை முன்வரிசைக்கு இறக்கினார்.

காஸ்பாருக்கு ஓட்டை உடனே தெரிந்தது. உயரமானவனைத் துவார்த்தே பார்த்துக்கொள்ளட்டும், துவார்த்தேயின் இடத்துக்கு நடுக்களத்திலிருந்து ஒருவன் இறங்கட்டும். அவ்வளவுதான். வாத்தியார் காதில் சொன்னான். அவர் எழுந்து போய்க் கத்தினார். ஆனால் வடகாற்று எழும்பிவிட்டது. அந்த நேரத்து வடகாற்றில் கடற்காகத்தின் சத்தமே கரை சேராது. வாத்தியாரின் 'தயவுசெஞ்சு' எங்கே சேரும்? துவார்த்தே காதில் கைவைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினான். எழுபத்தொன்றாவது நிமிஷம் உயரமானவன் தலையால் தட்டிய பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

காஸ்பாரின் பின்புறம் பெஞ்சிலிருந்து அரை சாண் உயர்ந்தது. எதிர்ப்பக்கம் அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

வாத்தியார் அவன் தோளில் கைவைத்து அழுத்தினார். "உக்காரு."

"விடுங்க வாத்தியாரே. அடுத்த பந்து உள்ள போயிடும். பட்டியல் போனாப் போகுது."

"ரெண்டு வருஷம் காத்திருந்தது இதுக்கா? உக்காருன்னேன்."

பிறகு அவர் பெஞ்சின் கடைசியில் இருந்த மாற்று கோல்கீப்பரிடம் குனிந்து கேட்டார். "தம்பி, பயிற்சியாளர வெளிய அனுப்பிட்டா, அடுத்து யாரு நிக்கலாம்?"

"அணிச் சீட்டுல பயிற்சியாளருக்கு அடுத்த பேரு யாரோ அவங்க, மிஸ்டர்."

"அடுத்த பேரு?"

"காஸ்பார் அண்ணன்தான்."

வாத்தியார் கோட்டோரம் போனார். பந்து வெளியே போய் நடுவர் அந்தப் பக்கம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"ஐயா, உங்க தீர்ப்பு சரியில்ல."

நடுவர் நின்றார். "எந்தத் தீர்ப்பு சார்?"

வாத்தியார் யோசித்தார். அன்று நடுவர் தப்பாக எதையும் செய்திருக்கவில்லை. "பொதுவா," என்றார்.

"காத்து ஜாஸ்தியா இருக்கு சார். போய் உக்காருங்க."

"நீ... நீ ஒரு நல்ல நடுவர் இல்ல!"

பெஞ்சில் மாற்று ஆட்டக்காரர்கள் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்கள். காஸ்பாருக்கு அப்போதுதான் புரிந்தது. மனிதர் வெளியே போகப் பார்க்கிறார், போகத் தெரியவில்லை. நடுவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். வாத்தியார் கோட்டைத் தாண்டினார். புல்வெளிக்குள் பத்து அடி நடந்து, நடுவரின் தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேரே ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். காற்றில் பெஞ்சுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நடுவரின் காது மடல்வரை சிவந்ததை எல்லாரும் பார்த்தார்கள். சட்டைப் பையிலிருந்து வந்த அட்டையும் அதே நிறம்.

வாத்தியார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து சுரங்க வழிக்குள் மறைந்தார்.

அதிகாரி சீட்டைப் பார்த்தார். அடுத்த பேரைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

காஸ்பார் எழுந்து நின்றான். ஒன்பது மாதம் அடக்கிவைத்த குரல் கிளம்பியது. யார் எங்கே இறங்க வேண்டும், ஏன் இறங்க வேண்டும், முன்னால் நிற்கும் இருவரும் எந்தக் கோணத்தில் ஓட வேண்டும் என்று மூச்சு விடாமல் கொட்டினான். சங்கு ஊதியதுபோல் மைதானம் முழுக்கக் கேட்டது. பதினொரு பேரும் அப்படியே நின்று அவனைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் உயரமானவன் மறுபடி தலையால் தட்டினான். கோல்கீப்பர் விரல் நுனியால் மேலே தள்ளினார்.

துவார்த்தே கோட்டோரம் ஓடிவந்தான். "மிஸ்டர், மூணு வார்த்தையில சொல்லுங்க! மத்தது காதுல ஏற மாட்டேங்குது!"

காஸ்பார் வாயைத் திறந்தான், மூடினான். வருஷம் முழுக்கத் தான் பழக்கியது வாத்தியாரை மட்டும் அல்ல என்று அப்போது தெரிந்தது.

"உயரமானவன். நீ. ஒட்டிக்கோ."

"அவ்வளவுதானே!" துவார்த்தே ஓடிப்போய் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டான். துவார்த்தேயின் இடத்தில் ஒருவன் தானாகவே இறங்கினான். அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீதி நிமிஷங்களில் காஸ்பார் இன்னும் நாலு தடவைதான் கத்தினான். ஒன்றுக்கு ஒன்று. உனியாவ் தப்பித்தது.

கூட்டம் புல்வெளிக்குள் பாய்ந்தது. காஸ்பாரைத் தூக்க வந்தவர்களிடமிருந்து நழுவி அவன் உள்ளே ஓடினான். வாத்தியார் உடை மாற்றும் அறையில் இல்லை. சட்டை துவைக்கும் அறையில், அழுக்குக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். கிளப் துணிகளைத் துவைக்கும் லிசெட் இயந்திரத்துக்குள் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பிச்சாச்சு வாத்தியாரே! சமன்!"

"நல்லது" என்றார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"வந்ததுலேர்ந்து இப்படித்தான்" என்றாள் லிசெட். "யாரையோ கொலை பண்ணிட்டு வந்தவரு மாதிரி."

கதவு தட்டப்பட்டது. நடுவர் வால்டெமார் கையில் அறிக்கைத் தாளோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"சார், சிவப்பு அட்டைக்கு அறிக்கை எழுதணும். நீங்க சொன்னத வார்த்தைக்கு வார்த்தை போடணும்."

"போடுப்பா."

"எப்படிப் போடுறது? இத வாசிக்கிற குழுவுல பேஜாக்காரன் ரெண்டு பேரு இருக்கான்."

"அப்படி என்னதான் சொன்னாரு?" என்றாள் லிசெட்.

வாத்தியார் தரையைப் பார்த்தார். நடுவரே சொன்னார். "ஏழாம் வகுப்புல மரப்பெட்டி தாண்டச் சொன்னாரு. நான் பயந்துபோய் ட்ரவுசரயே நனச்சிட்டேன். அதச் சொன்னாரு."

லிசெட் சிரித்தாள். இரண்டு ஆண்களின் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு இவனுக்கு வாக்குக் குடுத்தேன்" என்றார் வாத்தியார். "என் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல. இருபத்தேழு வருஷம்."

"அப்ப இன்னிக்கு ஏன் சார்?"

வாத்தியாருக்குப் பொய் வராது. அவர் வாயைத் திறக்குமுன் காஸ்பார் குறுக்கே விழுந்தான்.

"எனக்காக. நான் எந்திரிச்சு நிக்கணும்னு. அதையே எழுதிக்கோங்க. தடைய என் மேல போடுங்க. அவர விட்டுடுங்க."

"காஸ்பார், வாய மூடு."

"பட்டியல் அடுத்த வருஷமும் வரும் வாத்தியாரே. உங்களுக்கு அறுபத்தேழு வருஷத்துல ஒரு கறுப்புப் புள்ளி இல்ல."

நடுவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். தாளை லிசெட்டின் இஸ்திரி மேஜையில் விரித்தார். "இத எழுதினா மரப்பெட்டியையும் எழுதணும். மரப்பெட்டிய எழுதினா அடுத்த ஞாயித்துக்கிழமை எந்த மைதானத்துலயும் நான் விசில் ஊத முடியாது. கூட்டம் உஸ்ஸுனு சத்தம் போட்டே என்னக் கொன்னுடும்." பெருமூச்சு விட்டார். "சாதாரணமா, உலகத்துல எல்லாரும் திட்டற மாதிரி ஒரு வசவு போதும். யாராவது சொல்லுங்க."

"களவாணி" என்றாள் லிசெட்.

"அது என் பொண்டாட்டியே சொல்லுவா. அதுக்கு மஞ்ச அட்டதான்."

காஸ்பார் பத்தொன்பது வருஷச் சேமிப்பிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டான். அது நடுவரின் தாயைப் பற்றியது. லிசெட் ஈரச் சட்டையை அவன் மேல் வீசினாள்.

"அதுக்கு மூணு மாசம்" என்றார் நடுவர், நிபுணர்போல. "கொஞ்சம் இறக்குங்க."

"குருட்டுக் கழுதைக்குப் பொறந்த களவாணி?"

நடுவர் உதட்டைச் சுழித்து எடைபோட்டார். "முப்பது நாள். கோடை விடுமுறையிலேயே கழிஞ்சிடும்." பேனாவை எடுத்தார்.

"நில்லு" என்றார் வாத்தியார். "நான் சொல்லாதத எழுதக் கூடாது."

"சார்..."

"சொல்லிட்டு அப்புறம் எழுது." அவர் கூடையிலிருந்து எழுந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "மொதல்ல ஒண்ணு. அந்த விஷயத்துக்கு மன்னிச்சிடு, வால்டெமார். அது என் வாயிலேர்ந்து வந்திருக்கக் கூடாது."

"விடுங்க சார்."

"விடுறதா வேணாமான்னு நீ சொல்லு. 'விடுங்க'ன்னு சும்மா சொல்லாதே."

நடுவர் பேனாவை மேஜையில் வைத்தார். "அந்த நிமிஷம் எனக்கு மறுபடி பன்னெண்டு வயசாச்சு சார்" என்றார். "கோபந்தான் வந்துச்சு. இப்ப இல்ல. மன்னிச்சேன்."

வாத்தியார் தலையாட்டினார். காஸ்பார் பக்கம் திரும்பினார். "கழுதைக்கு முன்னால என்ன?"

"குருட்டு."

லிசெட் இயந்திரத்தை நிறுத்தினாள். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பழைய மாணவனின் கண்ணைப் பார்த்து, வருகைப் பதிவேடு வாசிக்கும் குரலில் அந்த நாலு வார்த்தையையும் சொன்னார்.

"சத்தமா சார். பதினஞ்சு மீட்டர் தள்ளி உதவி நடுவர் நின்னாரு."

இரண்டாவது தடவை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நடுவர் எழுதினார். நேரம் என்ற கட்டத்தில் மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது. எழுதி முடித்து வாத்தியாரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை தண்டனைப் பட்டியல் வந்தது. அபீலியோ பர்ராடாஸ், நடுவரை இழிவாகப் பேசியதற்கு முப்பது நாள். வார்த்தை போடவில்லை. லெமோஸ் என்ற பேரே அதில் இல்லை. ஜூனில் வந்த பயிற்சிப் பட்டியலில் பதினேழாவதாக இருந்தது.

ஊருக்கோ அந்த வார்த்தை வேண்டும். மீன் சந்தையில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கதை ஓடியது. நடுவரின் அம்மா என்றாள் ஒருத்தி. இல்லை, பாட்டி என்றாள் அடுத்தவள். "வாத்தியாரே, இந்த மத்தி உங்களுக்கு இனாம். காதுல மட்டும் சொல்லிட்டுப் போங்க!" என்று கத்துவார்கள். அவர் தொப்பியை உயர்த்திவிட்டு, மீனுக்கு விலை கொடுத்து வாங்கிப்போவார்.

பயிற்சிக்குக் கிளம்பும் நாள் காஸ்பார் பையோடு அவர் வீட்டுப் படியில் நின்றான். படிப்பு முடிந்து தாள் கைக்கு வர ஒரு வருஷம் ஆகும். அடுத்த பருவமும் யாராவது கோட்டோரம் நிற்க வேண்டும்.

"நிப்பீங்களா வாத்தியாரே?"

"நிக்கிறேன்" என்றார் அபீலியோ. "ஆனா காத்தடிச்சா என்ன செய்யிறதுன்னு அங்க கேட்டுட்டு வா. எனக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு வழிய நான் செலவு பண்ணிட்டேன்."